கிரீஸ் ஃபியோர்ட்

கிரீஸ் ஃபியோர்ட் என்பது கனடாவின் நுனாவுட் பிரதேசத்தில், எல்ஸ்மியர் தீவின் தென்கரையில், வட அட்சம் 76 பாகை 25 கலையில் அமைந்த சிற்றூராகும். இனுயிட் மக்கள் இதனை ஔயுயிட்டுக் என்பர். வட துருவத்திலிருந்து ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இவ்வூருக்கு அப்பால், கனடாவின் எல்லைக்குள் படைத்தளமும் வானிலை நிலையமும் உண்டேயன்றிக் குடும்பங்கள் வாழும் ஊர் வேறொன்றும் இல்லை.

செங்குத்தாக எழும் மலைகளுக்கும், ஆண்டில் சுமார் பத்து மாதங்கள் உறைந்து கிடக்கும் ஜோன்ஸ் கடற்பகுதிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய கரையில் வீடுகளும், பள்ளியும், சிறு விமானங்களே இறங்கத்தக்க குறுகிய ஓடுபாதையும் நெருங்கியிருக்கின்றன. நவம்பர் தொடக்கம் முதல் பிப்ரவரி வரை மூன்று மாதங்களுக்கு மேல் சூரியோதயமே இல்லை. கோடையில் உருகும் பனிநீரைத் தொட்டிகளில் சேமித்தே ஆண்டு முழுவதும் பருகுகின்றனர். கனமான பண்டங்கள் பனி விலகும் குறுகிய பருவத்தில் கப்பலில் வந்து சேரும்.

நார்வே நாட்டு ஆய்வுப் பயணி ஓட்டோ ஸ்வெர்ட்ரூப் 1898 முதல் 1902 வரை இத்தீவுகளை ஆராய்ந்தபோது இவ்விடத்திற்குப் பெயரிட்டார். இனுயிட் மக்களின் முன்னோரான தூலே பண்பாட்டினர் எல்ஸ்மியரில் பூர்வகாலத்தில் வாழ்ந்திருப்பினும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கரையில் நிலையான குடியிருப்பு இல்லை; 1922-இல் கனடா அரசாங்கம் தன் ஆதிக்கத்தை நிலைநாட்ட இக்கரையிலுள்ள கிரெய்க் ஹார்பரில் ஒரு காவல் நிலையம் நிறுவியது.

ஊரின் உண்மையான சரித்திரம் 1953-இல் தொடங்குகிறது. ஹட்சன் விரிகுடாக் கரையிலுள்ள இனுக்ஜுவாக்கில் வாழ்ந்த சில குடும்பங்களை, நல்ல வேட்டை கிடைக்கும் என்றும், இரண்டாண்டுகளில் விரும்பினால் திரும்பலாம் என்றும் வாக்களித்து, அரசாங்கம் ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் வடக்கே கப்பலேற்றியது. துருவ இருளில் பழகிய பாண்ட் இன்லெட் என்னும் வடபகுதி ஊரின் குடும்பங்கள் சில வழிகாட்டிகளாகச் சேர்க்கப்பட்டன. ஒரே இடத்தில் வாழ்வோம் என்று நம்பி வந்தவர்கள், இங்கும் ரெசல்யூட் என்னும் மற்றோர் இடத்திலுமாகப் பிரிக்கப்படுவர் என்பதை வழியில்தான் அறிந்தனர். நீண்ட இரவையே கண்டிராத மக்கள் முதல் குளிர்காலத்தைக் கூடாரங்களில் கழிக்க நேர்ந்ததும், அருகிலேயே திரிந்த கஸ்தூரி எருமையை வேட்டையாடச் சட்டம் தடைவிதித்திருந்ததும், திரும்பும் வாக்குறுதி காற்றில் போனதும், அத்திட்டத்தை மனிதாபிமானச் செயலென்று கொள்ள இடமளிக்கவில்லை. இனுக்ஜுவாக் பகுதியில் படமெடுத்துப் புகழ்பெற்ற ராபர்ட் ஃபிளாஹர்ட்டியின் இனுயிட் மகன் ஜோசஃபியும் 1955-இல் குடும்பத்துடன் இங்கு கொண்டுவரப்பட்டவரே. முதலில் அருகிலுள்ள லிண்ட்ஸ்ட்ராம் தீபகற்பத்தில் தங்கியவர்கள் 1960-களின் தொடக்கத்தில் தற்போதைய இடத்தில் ஒன்றுகூடினர்.

பனிப்போர்க் காலத்தில், மனிதர் வாழாத தீவுகளின்மீது உரிமை பாராட்டுவதற்காகவே தாங்கள் அனுப்பப்பட்டதாகக் குடியேறியோர் பல்லாண்டுகள் வாதாடினர். இடமாற்றம் மெய்யான சம்மதமின்றி நிகழ்ந்தது என்று 1994-இல் அரச ஆணைக்குழு கண்டது. 1996-இல் ஒரு கோடி டாலர் இழப்பீட்டு நிதி ஏற்பட்டது. அரசாங்கம் வெளிப்படையாக மன்னிப்புக் கோரியதோ 2010 ஆகஸ்டில்தான். அதற்குள் முதலில் வந்தோருள் பலர் மறைந்துவிட்டனர் என்பது வருந்தத்தக்கது. அவ்வாண்டிலேயே இவ்வூர்ச் சிற்பி லூட்டி பிஜாமினி செதுக்கிய நினைவுச்சின்னம் கரையில் திறக்கப்பட்டது.

1980-களின் பிற்பகுதியில் அரசாங்கச் செலவில் சிலர் இனுக்ஜுவாக் திரும்பினர். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளோ இதையே சொந்த ஊராகக் கொண்டதால், குடும்பங்கள் மறுபடியும் பிரிந்தன. 1999-இல் நுனாவுட் தனிப் பிரதேசமானபின் ஊர் அதன் நிர்வாகத்தில் அடங்கியது. ஜனத்தொகை 2006-இல் 141, 2016-இல் 129, 2021-இல் 144. ஓரிரு குடும்பங்கள் வந்தாலும் போனாலும் இக்கணக்கு மாறிவிடும். சீலும், வால்ரஸும், நார்வாலும், ஒருகாலத்தில் தடைசெய்யப்பட்டிருந்த கஸ்தூரி எருமையும் இன்று இவர்களுடைய உணவில் இடம்பெறுகின்றன.