ஹரோசெத்: களிமண்ணை நினைவூட்டும் இனிப்பு

ஹரோசெத் என்பது யூதர்களின் பாஸ்கா விழா விருந்தில் இடம்பெறும் இனிப்பு விழுது ஆகும். பழங்கள், கொட்டைப்பருப்புகள், நறுமணப் பொருட்கள், திராட்சை இரசம் ஆகியவற்றைக் கொண்டு இது செய்யப்படுகிறது. எகிப்தில் அடிமைகளாக இருந்த இஸ்ரவேலர் செங்கல் அறுக்கக் குழைத்த சேற்றை இது குறிக்கிறது. அடிமைத்தனத்தின் அடையாளம் இனிப்பாக இருப்பது ஏன் என்ற கேள்விக்கு யூத அறிஞர்கள் பல நூற்றாண்டுகளாக விளக்கம் தந்துள்ளனர்.

விருந்தில் இதன் இடம்

எபிரேய நாட்காட்டியில் நிசான் மாதம் 15ஆம் நாள் பாஸ்கா தொடங்குகிறது. இது மார்ச் அல்லது ஏப்ரல் மாதத்தில் வரும். அன்றிரவு குடும்பத்தார் ஒன்றுகூடி, எகிப்திலிருந்து முன்னோர் விடுதலை பெற்ற வரலாற்றைப் படித்து விருந்துண்பர். இவ்விருந்துக்குச் செதர் என்று பெயர். இஸ்ரேலில் ஓர் இரவும், பிற நாடுகளில் பொதுவாக இரண்டு இரவுகளும் இது நடைபெறும். புளிப்பில்லா அப்பம், கசப்புக் கீரை ஆகியவற்றோடு ஹரோசெத்தும் மேசையில் வைக்கப்படுகிறது.

பெயரும் பொருளும்

களிமண், மண்பாண்டம் எனப் பொருள்படும் 'ஹெரெஸ்' என்னும் எபிரேயச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்ததாகக் கருதப்படுகிறது. சாந்தும் செங்கலும் செய்யும் கடின வேலையால் எகிப்தியர் இஸ்ரவேலரின் வாழ்வைக் கசப்பாக்கினர் என்று விவிலியத்தின் யாத்திராகமம் கூறுகிறது. பின்னர், செங்கலுக்கு வேண்டிய வைக்கோலைத் தராமலேயே முன்பிருந்த அதே எண்ணிக்கையைக் கேட்டான் பார்வோன் என்றும் அந்நூல் சொல்கிறது.

பண்டை நூல்களில்

விவிலியத்தில் ஹரோசெத் பற்றிய குறிப்பு இல்லை. அப்பமும் கசப்புக் கீரையும் அங்குக் கட்டளையிடப்பட்டுள்ளன. கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் சட்டநூல், விருந்தில் கொண்டுவரப்படும் உணவுகளில் ஒன்றாக ஹரோசெத்தைக் குறிப்பிட்டு, அது கட்டளை அன்று என்றும் சேர்த்துச் சொல்கிறது. சாதோக்கின் மகனான ரபி எலியேசர் மட்டும் அது கட்டளையே என்றார்.

கட்டளை இல்லையென்றால் பிறகு எதற்கு என்று பாபிலோனியத் தல்மூத் கேட்கிறது. கீரையில் இருக்கும் கெடுதியை முறிப்பதற்காக என்பது ஒரு விடை. களிமண்ணின் நினைவாக என்றார் ரபி யோகனான். ஆப்பிள் மரத்தின் நினைவாக என்றார் ரபி லேவி. பார்வோனின் ஆட்கள் ஆண் குழந்தைகளைக் கொன்ற காலத்தில், எபிரேயப் பெண்கள் ஆப்பிள் மரங்களின் கீழ் மறைவாகக் குழந்தை பெற்றனர் என்பது மரபுக்கதை. அபாயே என்னும் அறிஞர் இரு கருத்துகளையும் இணைத்தார். ஆப்பிளுக்காகப் புளிப்பாகவும், களிமண்ணுக்காகக் கெட்டியாகவும் இருக்க வேண்டும் என்றார் அவர். சேர்க்கப்படும் நறுமணப் பொருட்கள் வைக்கோலைக் குறிக்கும்.

12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மைமோனிடிஸ், செய்முறையையே எழுதிவைத்தார். பேரீச்சம்பழம், அத்தி, உலர் திராட்சை போன்றவற்றை நசுக்கிக் காடி ஊற்றி, மண்ணில் வைக்கோல் கலப்பதுபோல நறுமணப் பொருட்களைக் கலக்க வேண்டும் என்பது அவர் கூற்று. உன்னதப்பாட்டில் இஸ்ரவேலுக்கு உவமையாக வரும் பழங்களைக் கொண்டே செய்ய வேண்டும் என்ற கருத்தும் இடைக்காலத்தில் வழங்கியது.

நாட்டுக்கு நாடு

விவிலியத்தில் விதி எதுவும் இல்லாததால், அந்தந்த நாட்டில் கிடைத்த பொருட்களைக் கொண்டு யூதர்கள் இதைச் செய்தனர். குளிர் மிகுந்த நடு, கிழக்கு ஐரோப்பாவில் ஆப்பிளைப் பொடியாக நறுக்கி, அக்ரூட், இலவங்கப்பட்டை, சிவப்புத் திராட்சை இரசம் சேர்த்தனர். மத்தியதரைக் கடல் நாடுகளில் பேரீச்சை, அத்தி, உலர் திராட்சை ஆகியவை முதன்மை பெற்றன. இத்தாலியில் செஸ்ட்நட் சேர்ப்பதும் உண்டு. ஏமன் யூதர்கள் மிளகு, சீரகம், இஞ்சி போன்ற காரப் பொருட்களைச் சேர்த்தனர்.

ஈராக் யூதர்கள் பேரீச்சம்பழத்தை ஊறவைத்து வேகவைத்துத் துணியில் பிழிந்து, அந்தச் சாற்றைப் பாகாகக் காய்ச்சி, நறுக்கிய அக்ரூட்டை மேலே தூவுவர். இதற்கு ஹலேக் என்று பெயர். 19ஆம் நூற்றாண்டில் வணிகத்திற்காகக் கொல்கத்தா, மும்பை நகரங்களில் குடியேறிய பாக்தாதி யூதர்கள் மூலம் இப்பாகு இந்தியாவுக்கும் வந்தது.

செங்கல் வைத்த விருந்து

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1862ஆம் ஆண்டு, ஒகையோ 23ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த சுமார் 20 யூத வீரர்கள் இன்றைய மேற்கு வர்ஜீனியாவில் முகாமிட்டிருந்தபோது பாஸ்கா கொண்டாடினர். சின்சினாட்டியிலிருந்து அப்பம் வந்து சேர்ந்தது. கசப்புக் கீரைக்குக் காட்டுச் செடி ஒன்று கிடைத்தது. ஹரோசெத் செய்யப் பழமும் பருப்பும் மட்டும் கிடைக்கவில்லை. எனவே அவர்கள் ஒரு செங்கல்லைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துக்கொண்டனர். அதைத் தின்ன முடியாது என்றாலும், பார்த்த அளவிலேயே பொருள் விளங்கியது. அடிமைமுறையை ஒட்டி எழுந்த போரின் நடுவே அவர்கள் அடிமை விடுதலை விழாவைக் கொண்டாடினர். அவர்களில் ஒருவரான ஜோசப் ஜோயல் இந்நிகழ்ச்சியை 1866இல் நியூயார்க் யூத இதழ் ஒன்றில் எழுதினார்.

உண்ணும் முறை

அப்பத்துக்கும் கசப்புக் கீரைக்கும் தனித்தனியே வாழ்த்துரை சொல்லப்படுகிறது. ஹரோசெத்துக்கு அப்படி எதுவும் இல்லை. கசப்புக் கீரையை இதில் தோய்த்து, ஒட்டிய விழுதை உதறிவிட்டு உண்ண வேண்டும் என்பது விதி. இனிப்பு மிகுந்தால் கசப்பு தெரியாமல் போய்விடும் என்பதே அதற்குக் காரணம். சடங்கு முடிந்தபின், மீதமுள்ள விழுதைக் குழந்தைகளும் பெரியவர்களும் அப்பத்தின்மேல் தடவி விரும்பி உண்கின்றனர்.