கொடுத்தவர் கடமை: விலையில்லா மடிக்கணினிகளும் நிலைபொருள் குறைபாடும்

2022 ஏப்ரல் 19 அன்று ஈசெட் என்னும் கணினிப் பாதுகாப்பு நிறுவனம், லெனோவா மடிக்கணினிகளில் மூன்று குறைபாடுகளைக் கண்டறிந்து வெளியிட்டது. மூன்றும் தாய்ப்பலகைச் சில்லில் உறையும் நிலைபொருளில், பேச்சு வழக்கில் இன்றும் பயாஸ் என்றே சொல்லப்படும் யூஇஎஃப்ஐயில் இருந்தவை. அவற்றுள் இரண்டு, தொழிற்சாலையில் தயாரிப்பின்போது மட்டும் பயன்பட வேண்டிய நிரல்களால் வந்தவை. அந்நிரல்கள் நீக்கப்படாமலே விற்பனைக்கு வந்துவிட்டன. ஒன்று பயாஸ் சில்லின் எழுதுதடையை விலக்க இடம் தந்தது. மற்றது செக்யூர் பூட் காவலை அணைக்க வழிவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட மாடல்கள் பாதிக்கப்பட்டன. திருத்தம் வந்தது, ஆனால் ஆதரவுக்காலம் முடிந்துபோன மாடல்களுக்கு வரவில்லை.

இப்படித் திருத்தம் கிடைக்காமல் போகும் பழைய மடிக்கணினிகளைப் பற்றியதே இக்கட்டுரை. அரசு கொடுத்தவையும் அவற்றுள் அடங்கலாம். தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. லெனோவா உள்ளிட்ட நிறுவனங்களிடமிருந்து, மாநில அரசின் மின்னணு நிறுவனமான எல்காட் வழியாக வாங்கி, 50 இலட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு அரசு வழங்கியது. அரூர் வட்டத்துத் தீர்த்தமலை போன்ற மலையடிவார ஊர்களில் அதுவே பல வீடுகளின் முதல் கணினி. அக்காள் படித்து முடித்ததும் தம்பிக்குப் போகும். ஆதரவுக்காலம் தீர்ந்த பின்னும் இத்தனை ஆண்டுகள் உழைக்கும் இயந்திரத்தின் நிலைபொருளைக் காக்கும் பொறுப்பை மாணவர் தலையில் சுமத்த முடியாது. வாங்கிக் கொடுத்த அரசே ஏற்க வேண்டும் என்பது என் வாதம்.

நிலைபொருள் இயங்குதளத்துக்கு முன்பே விழித்துக்கொள்கிறது. அதில் புகுந்த தீநிரல் விண்டோஸை அழித்துப் புதிதாக நிறுவினாலும், வன்தட்டையே மாற்றினாலும் போகாது. 2018இல் இதே ஈசெட் கண்டறிந்த லோஜாக்ஸ் அப்படிப்பட்டது. கிழக்கு ஐரோப்பிய அரசு அலுவலகங்களை அது குறிவைத்தது.

‘அரசாங்கங்களைத் தாக்குபவர்கள் கிராமத்து மாணவியின் மடிக்கணினியை ஏன் தேடி வரப்போகிறார்கள்? நிர்வாகி உரிமை இல்லாமல் இக்குறைபாடுகளைப் பயன்படுத்தவும் முடியாதே?’ என்று கேட்கலாம். இரண்டாவது கூற்று தொழில்நுட்ப அளவில் சரி. ஆனால் திருட்டு மென்பொருளை நிறுவும்போது அந்த உரிமையை நாமே எடுத்துக் கொடுக்கிறோம். முதல் கூற்றை வரலாறு ஏற்காது. 1999 ஏப்ரல் 26 அன்று பயாஸை அழித்த சிஐஎச் வைரஸ் ஆள் பார்த்துத் தாக்கவில்லை. இந்தியாவிலும் எத்தனையோ கணினிகள் அன்று செயலிழந்தன.

திருத்தம் கிடைத்தாலும் அதை நிறுவுவது எளிதன்று. பயாஸ் புதுப்பிப்பின் பாதியில் மின்சாரம் போனால் போர்டே செத்துவிடலாம். அதனால்தான் சார்ஜர் இணைந்து, பேட்டரியிலும் போதிய சார்ஜ் இருந்தாலன்றிப் பல நிறுவனங்களின் புதுப்பிப்பு நிரல்கள் வேலையைத் தொடங்குவதில்லை. பேட்டரி உயிர்விட்டு, சார்ஜரை நம்பியே ஓடும் பழைய மடிக்கணினிக்கு இந்த வழியும் அடைபட்டுப் போகிறது. ‘பயாஸ் போயிடுச்சு’ என்று பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டுபோனால், இணையத்தில் கிடைக்கும் பயாஸ் கோப்பைப் புரோகிராமர் கருவியால் சில்லில் ஏற்றித் தருவார்கள். அந்தக் கோப்பை எங்கே, யார் எடுத்தார், எதைச் சேர்த்தார் என்பதற்குச் சான்றில்லை. கடைக்காரரைக் குறை சொல்வது நியாயமாகாது. நம்பத்தக்க கோப்பை அவருக்கு எளிதில் கிடைக்கச் செய்ய வேண்டியவர்கள் வேறு. ஓட்டையை அடைக்கும் முயற்சியே இன்னோர் ஓட்டையைத் திறக்கும் இந்த நிலைதான் எனக்கு மிகுந்த கவலை தருகிறது.

2004 முதல் இயங்கும், மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் எச்சரிக்கை அறிவிப்புகளை வெளியிடுகிறது. அது தேவையான பணி. ஆனால் ஆங்கிலத்தில், நிறுவனம்வாரியாக, குறைபாட்டு எண்களோடு வரும் அறிவிப்பு நிர்வாகிகளுக்கு உரியது. தன் கணினி பாதிக்கப்பட்டதா என்று பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் அதிலிருந்து அறிய வழியில்லை. எந்த மாடலை எந்த ஆண்டில் எந்த மாவட்டத்துக்கு அனுப்பினோம் என்ற கணக்கு கொள்முதல் செய்தவரிடம் இருக்க வேண்டியது. அந்தக் கணக்கையும் குறைபாட்டுப் பட்டியலையும் பொருத்திப் பார்த்துத் தமிழில் வெளியிடும் கடமை எல்காட்டுக்கு உண்டு.

2025 மார்ச்சில் தாக்கலான மாநில நிதிநிலை அறிக்கை, இரண்டு ஆண்டுகளில் 20 இலட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ வழங்கப்படும் என்றது. ஒப்பந்தப்புள்ளியில் நினைவகம், திரை, உத்தரவாதம் ஆகியவற்றுக்கு நிபந்தனை வைப்பதுபோல நிலைபொருளுக்கும் வைக்க வேண்டும். பத்து ஆண்டுகளுக்குப் பாதுகாப்புத் திருத்தம் தருவதாக நிறுவனம் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். நிறுவனம் தரும் அசல் பயாஸ் கோப்புகளை எல்காட் தளத்தில் வைக்க வேண்டும். ஆண்டுக்கொரு முறை வட்டத் தலைநகரில், தடையில்லா மின்வசதியோடு, புதுப்பிப்பு முகாம் நடத்த வேண்டும். இதற்கு உடன்படாத நிறுவனத்திடம் மலிவு விலைக்குக் கிடைத்தாலும் அரசு வாங்கக் கூடாது.