அடைக்கோழியின் வாரிசு

சேலத்தை அடுத்த ஆட்டையாம்பட்டிப் பக்கம் நாட்டுக்கோழி அடை உட்கார்ந்தால் 21 நாளைக்கு அதை யாரும் சீண்டுவதில்லை. இரை பொறுக்க எழுந்து போகும். முட்டை ஆறுவதற்குள் திரும்பி வந்துவிடும். எவ்வளவு சூடு என்று அதற்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அந்த வேலையை மனிதன் பிடுங்கிக்கொண்டபோதுதான் வம்பு ஆரம்பித்தது.

முதலில் பிடுங்கியவர்கள் எகிப்தியர்கள். மண்ணால் கட்டிய சூளை அறைகளில் ஆயிரக்கணக்கான முட்டைகளைப் பரப்பி, சாணமும் வைக்கோலும் எரித்துக் குஞ்சு பொரித்தார்கள். சூடு பதமா என்று பார்க்க, முட்டையை எடுத்துக் கண்ணிமையில் ஒற்றுவார்கள். கருவி அவ்வளவுதான்! ஐரோப்பாவில் அந்தக் கைப்பக்குவம் வாய்க்கவில்லை. தீ கொஞ்சம் ஏறினால் அத்தனையும் அவித்த முட்டை, இறங்கினால் கூமுட்டை. ராத்திரி முழுக்கத் தூங்காமல் அடுப்பைக் காக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது.

அந்த ஆளுக்கு விடுதலை தந்தவர் கார்னலிஸ் ட்ரெபெல். நெதர்லாந்தில் பிறந்து, இங்கிலாந்து மன்னர் ஜேம்ஸின் ஆதரவில் வாழ்ந்தவர்; தேம்ஸ் நதியில் தண்ணீருக்கடியில் படகு விட்டுக் காட்டிய கில்லாடி. குஞ்சு பொரிக்கும் பெட்டியைச் சுற்றி வெந்நீர், அதற்குள் சாராயம் நிரப்பிய கண்ணாடிக் குடுவை. சூடேறினால் சாராயம் விரிந்து பாதரசத்தைத் தள்ளும், பாதரசம் ஒரு கம்பியை உயர்த்தும், கம்பி புகைவழியை மூடும், தீ அடங்கும். ஆறினால் எல்லாம் தலைகீழ். அடுப்பு தன்னைத்தானே அடக்கக் கற்றுக்கொண்டது. பெட்டி செய்தவரோ கடைசிக் காலத்தில் லண்டனில் மதுக்கடை நடத்தி, 1633-இல் கண்ணை மூடினார்.

யோசனை மட்டும் சாகவில்லை. 1777-இல் பாரிஸில் போன்மேன் என்பவர், பாரிஸ் சந்தைக்குக் கோழி வளர்ப்பதற்காகக் கீழே ஒரு கொதிகலன் வைத்து, வெந்நீரைக் குழாய் வழியே பொரிப்பறைக்குள் சுற்றவிட்டார். ஈயக் குழாய்க்குள் இரும்புக் கம்பி. ஈயம் அதிகம் நீளும், இரும்பு குறைவாக நீளும். அந்த வித்தியாசமே அடுப்புக்குக் காற்று போகும் வாயைத் திறந்து மூடியது. குஞ்சுக்கு இதமான அறை மனிதனுக்கும் இதம்தானே? வெந்நீர்க் குழாய்கள் மெல்ல மாளிகைகளுக்குள் நுழைந்தன. 1830-இல் ஆண்ட்ரூ யூர், இரண்டு உலோகத் தகடுகளை ஒட்டிய கருவிக்கு 'தெர்மோஸ்டாட்' என்று பெயரும் வைத்தார். ஆனால் வீடு முழுமைக்கும் ஒரே கட்டுப்பாடு. ஓர் அறை வேகும், ஓர் அறை விறைக்கும்.

அந்தக் கோளாறைத் தீர்க்கக் கிளம்பியவர் ஒரு வாத்தியார். அமெரிக்காவின் விஸ்கான்சினில் வாரன் ஜான்சன் பாடம் நடத்தும்போதெல்லாம், வகுப்பின் சூட்டைப் பார்க்க, அடுப்பைக் கவனிக்கும் ஊழியர் உள்ளே வந்து நிற்பார். பாடம் கெட்ட எரிச்சலில் பிறந்தது, 1883-இல் காப்புரிமை பெற்ற மின்கருவி. அறை குளிர்ந்தால் நிலவறையில் மணி அடிக்கும். ஆனால் அடுப்பைச் சரிசெய்ய ஆள் எழுந்தே ஆக வேண்டும். 1895-இல் அவர் வாங்கிய இன்னொரு காப்புரிமை அந்த ஆளையும் விடுவித்தது: ஒரே கொதிகலன், அறைக்கு அறை தனிக் கணக்கு.

லண்டனில் குடியேறிய தமிழர் வீட்டுச் சுவரில், சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னப் பெட்டி இந்தத் தெர்மோஸ்டாட்டின் வாரிசுதான். மாடியறை குளிர்ந்தால் அந்த அறையின் பெட்டி சேதி சொல்லும். மாடிக்குப் போகும் குழாயின் வால்வை மோட்டார் திறக்கும். முழுக்கத் திறந்ததும் வால்வே ஸ்விட்சைத் தட்டி கேஸ் பாய்லரையும் பம்பையும் எழுப்பும். கீழ்த்தள வால்வு மூடியே கிடக்கும். கடைசி வால்வும் மூடினால் பாய்லர் தூங்கிவிடும்.

சேலத்து வெயிலில் இதை யார் வாங்குவார்கள்? வாங்கியாகிவிட்டது. நாமக்கல் வட்டாரத்துக் குஞ்சு பொரிப்பகங்களில் சுமார் 37.5 டிகிரியைக் காப்பதும் இதே வம்சம்தான். பண்ணை வெள்ளைக்கோழியிடம் அடை உட்காரும் குணத்தையே இனப்பெருக்கத்தில் கழித்துவிட்டார்கள். முட்டை போட்டதும் அது பாட்டுக்குப் போய்விடும். 21 நாளும் உட்கார்ந்திருப்பது பெட்டிதான்.