சேலத்துக்காரங்களுக்குக் காவிரி சொந்தமா?

சேலத்துல என்ன ஆறு ஓடுதுன்னு கேட்டா, நிறைய பேர் யோசிக்காம "காவிரி"ன்னு சொல்லிடுவாங்க. மேட்டூர் அணை சேலம் மாவட்டத்துலதானே இருக்கு, அதனால தப்புன்னு சொல்ல முடியாது. ஆனா ஒரு கணக்கு பாருங்க. மேட்டூர் அணை 120 அடி முழுசா நிரம்பி நிக்கும்போது, அந்தத் தண்ணி கடல் மட்டத்துல இருந்து 790 அடி உயரத்துல இருக்கும், அதாவது சுமார் 241 மீட்டர். சேலம் நகரம் இருக்கறது சுமார் 278 மீட்டர்ல. அணை நிரம்பி வழிஞ்சாலும் அந்தத் தண்ணி தானா சேலத்துக்கு வராது. பத்து மாடிக் கட்டடத்துக்கு மேல தூக்கி விடணும்.

இந்த ஊர்களோட வரலாறு பெரும்பாலும் இந்த ஒரு மேட்டுலதான் அடங்கியிருக்குன்னு நான் நினைக்கிறேன். சேலம், நாமக்கல் சமவெளி காவிரியை நோக்கிச் சரியுது. அதனால காவிரி இந்த நிலத்துக்குக் கொடுக்கற ஆறா இருந்ததை விட, இங்க இருந்து வாங்கிக்கிட்டுப் போற ஆறா இருந்ததுதான் அதிகம்.

ஏற்காடு இருக்கற சேர்வராயன் மலையில மழை பெஞ்சா என்ன ஆகுது? ஒரு பக்கம் சரபங்கா ஆறா இறங்கி ஓமலூர், எடப்பாடி வழியா தேவூர்ப் பக்கம் காவிரியில சேருது. இன்னொரு பக்கம் திருமணிமுத்தாறு. சேலம் நகரத்துக்கு நடுவுல, சுகவனேஸ்வரர் கோயில் ஓரமா ஓடி, மல்லசமுத்திரம், பரமத்தி தாண்டி நஞ்சை இடையாறுகிட்ட காவிரியில கலக்குது. மலையோட வடக்குச் சரிவுத் தண்ணி மட்டும் வாணியாறா தர்மபுரி மாவட்டத்துக்குள்ள போய் தென்பெண்ணையில சேர்ந்திடும்.

சேலத்துக்குக் கிழக்க ஆத்தூர்ப் பக்கம் போனா கதையே வேற. அங்க வசிஷ்ட நதியும் சுவேத நதியும் காவிரியைத் திரும்பிக்கூடப் பார்க்காம வெள்ளாறா மாறி, பரங்கிப்பேட்டையில கடல்ல கலக்குது. அதே பரங்கிப்பேட்டையிலதான் 1830கள்ல ஜோசையா ஹீத்ங்கற ஆங்கிலேயர் இரும்பு ஆலை நடத்தினாரு, சேலத்துத் தாதுவை வெச்சு. தண்ணி மட்டும் இல்லை, இரும்பும் இங்க இருந்து இறங்கித்தான் போயிருக்கு!

ஓடிப் போற தண்ணியைப் பிடிச்சு வெச்சாத்தான் பிழைப்பு. அதான் இந்தப் பக்கம் எங்க பார்த்தாலும் ஏரி. சேலம் நகரத்துக் குடிதண்ணிக்காக 1911ல பனமரத்துப்பட்டி ஏரியை அமைச்சாங்க. காவிரிக் கரையை ஒட்டின தாழ்வான இடங்களுக்கு மட்டும் அந்தப் பாக்கியம் வேற மாதிரி. ஜேடர்பாளையத்துல ஆத்தை மறிச்சு ராஜா வாய்க்கால் வெட்டினாங்க. பரமத்தியை ஆண்ட அல்லாள இளைய நாயக்கர் செஞ்ச வேலைன்னு ஊர் சொல்லுது. பரமத்தி வேலூர் வெத்தலையும் வாழையும் அந்த வாய்க்காலை நம்பி வளர்ந்ததுதான்.

1925ல மேட்டூர் அணை வேலை ஆரம்பிச்சு 1934ல முடிஞ்சது. அதுக்காக ஊர்கள் முழுகின, சனங்க இடம் பெயர்ந்தாங்க. பண்ணவாடிப் பக்கம் தண்ணி வத்தினா நந்தி சிலையும் பழைய தேவாலய கோபுரமும் இன்னிக்கும் தலை தூக்கும். முழுகினது இந்தப் பக்கத்து நிலம், பாசனம் டெல்டாவுக்கு. மேட்டூரோட கிழக்கு, மேற்குக் கரை வாய்க்கால்கள் வந்தது 1955ல. சேலம், நாமக்கல், ஈரோடு மூணுக்கும் சேர்த்து 45,000 ஏக்கர். டெல்டாவுல 10 லட்சம் ஏக்கருக்கு மேல.

இதை வெச்சுப் பார்த்தாத்தான் 2021 சண்டை புரியும். மேட்டூர் உபரிநீரைத் திப்பம்பட்டியில பம்ப் பண்ணி, சரபங்கா வடிநிலத்துல இருக்கற 100 ஏரிகளை நிரப்பற திட்டம், 565 கோடி ரூபாய். முதல் கட்டம் அந்த வருஷம் பிப்ரவரியில தொடங்கினப்போ டெல்டா விவசாயிகள் எதிர்த்தாங்க. இன்னிக்கு உபரின்னு எடுக்கறது நாளைக்குப் பழக்கமாயிடும்னு அவங்களுக்குப் பயம். நியாயமான பயம்தான். அணையைப் பார்த்துக்கிட்டே காஞ்சு கிடந்த ஊர்க்காரங்க கேட்டதும் நியாயம்தான். நான் ரெண்டாவது பக்கம் கொஞ்சம் சாயறேன், மறைக்கல.

ஆனா அந்தச் சண்டை முழுக்க எவ்வளவு தண்ணிங்கறதைப் பத்தி மட்டுமே இருந்துச்சு. எப்படிப்பட்ட தண்ணின்னு யாரும் பெருசா கேட்கல. சேலம் இப்போ குழாய் போட்டு மேட்டூர்ல இருந்து காவிரியை மேல ஏத்திக் குடிக்குது. குளிச்சு, துவைச்சு, சாயப்பட்டறைக் கழிவும் சாக்கடையும் சேர்ந்து திருமணிமுத்தாத்துல இறங்குது. அது கருப்பா நுரைச்சுக்கிட்டு நாமக்கல் மாவட்டத்தைத் தாண்டி, நஞ்சை இடையாறுகிட்ட மறுபடியும் காவிரியிலதான் விழுது. அதுக்குக் கீழ கரூர், திருச்சி, அப்புறம் டெல்டா.