முழந்தாளிட்ட வீரரும் ஆட மறுத்த அணியும்

ஊதியம் பெற்று விளையாடும் வீரன் இருவேறு நிலைகளில் நிற்பவன். பல்லாயிரவர் போற்றும் புகழுடையான். எனினும் அணியுடையாரின் ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்ட தொழிலாளி. ஐக்கிய அமெரிக்காவின் கறுப்பின வீரர்கள் பொலிசாரின் வன்முறையைக் கண்டித்தபோது இம்முரண் நன்கு புலனாயிற்று.

2016 ஓகஸ்டில், சான் பிரான்சிஸ்கோ உதைபந்தாட்ட அணியினரான கொலின் கப்பர்நிக் தேசிய கீதம் இசைக்கப்பட்ட வேளையில் எழாது அமர்ந்திருந்தார். கறுப்பின மக்களை ஒடுக்கும் நாட்டின் கொடிக்குப் பெருமிதத்தோடு எழுந்து நிற்க இயலாதென்பதே அவர் கூறிய காரணம். முன்னாட் போர்வீரரான நேற் போயருடன் கலந்து பேசிய பின்னர், செப்டெம்பர் 1 ஆந் திகதி முழந்தாளிட்டார். போர்வீரர்க்கு மதிப்பளிக்கும் நோக்குடன் தெரிந்தெடுத்த அம்முறையே அவர்களை இகழ்வதாகும் எனப் பலர் சினந்தனர். முழந்தாளிடுவோரை நீக்குதல் வேண்டுமென 2017 இல் ஜனாதிபதி ட்ரம்ப் முழங்கினார். பொலிசாரைப் பற்றிய வினா பின்தள்ளப்பட, கொடியைப் பற்றிய வழக்கே மேலோங்கிற்று. 2017 மார்ச்சில் ஒப்பந்தத்தினின்றும் விலகிய கப்பர்நிக்கை எவ்வணியும் ஏற்கவில்லை. அணியுடையார் கூடித் தம்மை ஒதுக்கினரென அவர் தொடுத்த முறைப்பாடு 2019 இல் இணக்கத்தால் முடிவுற்றது.

2020 மே 25 ஆந் திகதி, மினியாபொலிஸ் நகரில் ஜோர்ஜ் புளொயிட் என்பார் பொலிஸ் அதிகாரி ஒருவரின் முழந்தாளின்கீழ்க் கழுத்து நெரிபட்டு இறந்தார். நாடெங்கும் மக்கள் வீதிக்கு வந்தனர். வீரர்க்கு முன்னரே செவிசாயாமை தவறென உதைபந்தாட்ட லீக்கின் ஆணையாளர் றொஜர் குட்டெல் ஜூன் 5 இல் ஒப்புக்கொண்டார். கப்பர்நிக்கின் பெயரை மட்டும் அவர் கூறினாரல்லர்.

ஓகஸ்ட் 23 இல், விஸ்கொன்சின் மாநிலத்துக் கெனோஷாவில் ஜேக்கப் பிளேக் என்பார் பொலிசாராற் சுடப்பட்டார். அம்மாநிலத்துக் கூடைப்பந்தாட்ட அணியான மில்வோக்கி பக்ஸ், 26 ஆந் திகதி களமிறங்க மறுத்தது. அன்றைய ஏனைய ஆட்டங்களும் நின்றன. ஆட்டம் மீளத் தொடங்குமுன், அணிகளுக்குரிய அரங்குகளை இயன்றவரை வாக்களிப்பு நிலையங்களாக்க லீக் இணங்கிற்று.

ஆயினும் பொலிஸ் சீர்திருத்தம் பற்றிய வழக்கு அத்துடன் தீர்ந்திலது. சிலர் பொலிசாருக்குரிய நிதியைக் குறைக்க வேண்டினர். காவல் குன்றின் வறியோரே முதலில் துன்புறுவரெனப் பிறர் எதிருரைத்தனர். பொலிஸ் திணைக்களத்துக்குப் பதிலாக வேறோர் அமைப்பை நிறுவும் யோசனையை மினியாபொலிஸ் வாக்காளர் 2021 நவம்பரில் நிராகரித்தனர். புளொயிட்டின் பெயரிலமைந்த சீர்திருத்த மசோதா அவ்வாண்டு மார்ச்சிற் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியும், செனற் சபையைக் கடக்கவில்லை.

தனியொருவரின் மறுப்பு அவர்தம் தொழிலையே பலிகொண்டது. அணியொன்றின் மறுப்போ ஆட்டத்தையே நிறுத்திற்று. கண்டும் காணாதார் போலிருந்த பலரை அவ்வினாவின்முன் நிறுத்தியதே வீரர்கள் ஈட்டிய வெற்றி. விடை கூறும் பொறுப்பு வாக்காளரிடமும் சட்டமன்றங்களிடமுமே எஞ்சிற்று.