வெண்ணெய்க்கு வந்த உத்தரவு



நான் தலைமையாசிரியராக இருந்த காலத்தில், ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, எங்கோ ஐரோப்பாவில் நடந்த சமயச் சீர்திருத்தத்தை நாங்கள் ஏன் படிக்க வேண்டும்?" என்று வினவினான். பயிற்சிக் கல்லூரியில் கற்ற முறைப்படி ஐந்து காரணங்களைக் கரும்பலகையில் எழுதினேன். அவன் பணிவோடு அவற்றை எழுதிக்கொண்டான். ஆயினும் அவன் முகத்தில் தெளிவு பிறக்கவில்லை. அன்று சொல்லத் தவறிய விடையை இன்று சொல்ல விரும்புகிறேன். அது ஒரு ரொட்டியின் வரலாறு.

செருமனியின் கிழக்கே சாக்சனி என்றொரு நிலப்பகுதி உண்டு. அதன் தலைநகர் டிரெஸ்டன். அங்கே கிறிஸ்து பிறப்புப் பெருநாளுக்கு 'ஷ்டோலன்' என்னும் இனிப்பு ரொட்டி செய்வர். ஈஸ்ட்டினால் பொங்கிய கோதுமை மாவிலே வெண்ணெய், உலர்ந்த திராட்சை, வாதுமைப் பருப்பு, சர்க்கரைப் பாகில் ஊறிய எலுமிச்சைத் தோல் ஆகியவற்றைப் பிசைந்து, மடித்துச் சுடுவர். சுட்டெடுத்த சூட்டிலேயே உருக்கிய வெண்ணெயைப் பூசி, மேலே வெண்சர்க்கரைப் பொடியைத் தூவுவர். துணியில் பொதிந்த குழந்தை இயேசுவின் உருவை அது நினைவூட்டும் என்பர். இலவங்கப்பட்டை, ஏலம், சாதிக்காய் ஆகியவற்றின் மணமும் அதில் உண்டு. இலங்கையின் பட்டையும் நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஏலமும் கடல் பல கடந்து அந்தக் குளிர்நாட்டு அடுப்பை அடைந்தன என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

ஆனால், தொடக்கத்தில் இந்த ரொட்டி இத்தகையதாய் இல்லை. 15-ஆம் நூற்றாண்டில் அது நோன்புக்கால உணவு. பெருநாளுக்கு முந்திய வாரங்களில் வெண்ணெயும் பாலும் கொள்ளலாகாது என்பது அன்றைய திருச்சபையின் விதி. ஆதலால் மாவு, நீர், எண்ணெய் இவற்றைக் கொண்டே செய்தனர். ஒலிவ மரம் செழிக்கும் இத்தாலிக்கு இவ்விதி பெருந்துன்பம் தரவில்லை. சாக்சனியின் பனியிலோ ஒலிவம் விளையாது. நல்ல எண்ணெய் கிடைப்பது அரிது, கிடைப்பினும் விலை மிகுதி. வெண்ணெயோ வீட்டுக்கு வீடு உண்டு. மாவின் இழைகளை மென்மையாக்கி, ரொட்டி விரைவில் உலர்ந்துபோகாமல் காப்பது கொழுப்பே அன்றோ? அது போதாத ரொட்டி வறண்டு, சுவையற்றிருந்தது.

சாக்சனியின் ஆட்சியாளர் உரோமாபுரிக்கு விண்ணப்பம் அனுப்பினர். 1491-ஆம் ஆண்டில் எட்டாம் இன்னசென்ட் என்னும் போப்பாண்டவர் இசைவு தந்து திருமுகம் விடுத்தார். வரலாற்றில் அதற்கு 'வெண்ணெய்க் கடிதம்' என்றே பெயர். எனினும் இசைவு எல்லார்க்கும் ஒரே வகையில் வாய்க்கவில்லை. அரச குடும்பத்தார் தடையின்றி வெண்ணெய் கொண்டனர். ஏனையோர் அதற்கு ஈடாகப் பணம் செலுத்த வேண்டும். அத்தொகை பிரைபர்க் நகரத்துப் பேராலயத் திருப்பணிக்குச் சென்றது.

இங்கேதான் நீங்கள் சற்று நின்று சிந்திக்க வேண்டும். வெண்ணெய் உண்பது பாவமாயின், பணம் கொடுத்தால் அப்பாவம் எங்ஙனம் நீங்கும்? பாவமன்றாயின், பணம் எதற்கு? இத்தகைய கேள்வி எளிய மக்கள் நெஞ்சில் எழுந்திருப்பின் அதில் வியப்பில்லை. 1517-ஆம் ஆண்டில் மார்ட்டின் லூதர் தம் கண்டனத்தை வெளியிட்ட விட்டன்பர்க் நகரமும் சாக்சனியைச் சேர்ந்ததே. 1520-இல் செருமானியப் பெருமக்களுக்கு அவர் எழுதிய நூலில், வெண்ணெய் உண்ணும் உரிமையை விலைக்கு விற்பதையும் ஒரு குறையாகக் கடிந்துரைத்தார். சீர்திருத்தத்துக்குக் காரணம் வெண்ணெய் ஒன்றே என்று நான் கூறவில்லை. அவ்வாறு தேர்வில் எழுதிவிடாதீர்கள்! அதனினும் பெரிய காரணங்கள் பல உண்டு. ஆயினும், தொலைவிலிருந்து வரும் ஆணை ஒருவன் வீட்டு அடுப்பைத் தொடும்போது, கல்லாதவனும் அதன் நீதியை நிறுத்துப் பார்க்கிறான். நம் நாட்டில் 1930-இல் உப்பு செய்த வேலையை நினைந்தால் இது எளிதில் விளங்கும்.

1539-இல் டிரெஸ்டன் பகுதி சீர்திருத்த நெறியைத் தழுவியது. ரொட்டியும் செழித்தது. 1730-இல் அகஸ்டஸ் மன்னர் பெரும் படைவிழா ஒன்றில் ஏறத்தாழ 1,800 கிலோ எடையுள்ள ஷ்டோலனைச் செய்வித்து விருந்தினர்க்குப் பகிர்ந்தளித்தார். அதை இழுக்க எட்டுக் குதிரைகள் வேண்டியிருந்தன. எனக்கோ, அந்த ஆடம்பரத்தைவிட வேறொரு காட்சியே இனிது. சாக்சனியின் இல்லத்தரசிகள் திராட்சையும் பருப்பும் வெண்ணெயும் தம் வீட்டிலிருந்து எடுத்துச் சென்று, ஊர் ரொட்டிக்காரரின் பெரிய அடுப்பிலே சுட்டு வாங்கி வருவர். தம் ரொட்டி பிறருடையதோடு மாறிவிடாதிருக்க அதில் அடையாளமும் இடுவர்.

அம்மாணவன் இன்று என் எதிரில் இருப்பானாயின், ஐந்து காரணங்களை எழுதமாட்டேன். அந்த வறண்ட ரொட்டியையும் வெண்ணெய் ரொட்டியையும் அவன் மனக்கண் முன் வைத்து, "இடையில் நின்ற ஆணை யாருடையது, அதற்கு விலை கொடுத்தவர் யார்?" என்று கேட்பேன். விடையை அவனே கண்டுகொள்வான்.