பிரிவு எண்ணும் வழக்கின் பாதையும்: சிவகாசிப் பட்டாசு ஆலை விபத்துகளை முன்வைத்து

சிவகாசி வட்டாரத்தில் பட்டாசு ஆலை வெடித்துத் தொழிலாளர் இறக்கும்போது பதிவாகும் குற்ற வழக்கு எந்த நீதிமன்றத்தில் நடக்கும் என்பது, பெரிதும் முதல் தகவல் அறிக்கையில் எழுதப்படும் பிரிவைப் பொறுத்தது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 304அ பிரிவு, அதாவது கவனக்குறைவால் மரணம் விளைவித்தல் எனில், பிணை உரிமையாகிறது. விசாரணை நீதித்துறை நடுவரிடமே முடிகிறது. தண்டனை 2 ஆண்டைத் தாண்டாது. மரணம் நேரக்கூடும் என்று அறிந்தே செய்தது எனக் கருதி 304இன் இரண்டாம் பகுதியைச் சேர்த்தால், பிணை நீதிமன்றத்தின் விருப்புரிமையாகிறது; நடுவர் வழக்கைத் திருவில்லிபுத்தூரில் இயங்கும் மாவட்ட அமர்வு நீதிமன்றத்திற்கு ஒப்படைக்க வேண்டும்; தண்டனை 10 ஆண்டுவரை நீளும். பிரிவைப் பின்னர் மாற்றலாம் என்பது உண்மையே. ஆயினும் முதல் நாளில் எழுதிய எண்ணே கைது, பிணை ஆகியவற்றின் போக்கை வகுத்துவிடுகிறது.

இவ்விரண்டில் 304அ காலத்தால் பிந்தியது. மெக்காலே தலைமையிலான சட்ட ஆணையத்தின் 1837ஆம் ஆண்டு வரைவில் கவனக்குறைவு மரணத்திற்கு இடமிருந்தது. 1860இல் நிறைவேறிய சட்டத்தில் அது விடுபட்டது. 1870ஆம் ஆண்டின் 27ஆம் சட்டமே இப்பிரிவைச் சேர்த்தது. மாட்டுவண்டிக் காலத்தில் வகுத்த ஈராண்டு வரம்பைக் கொண்டே பின்னர் ஆலை விபத்துகளும் அளக்கப்பட்டன.

இதன் விளைவைப் போபால் வழக்கு காட்டுகிறது. 1996 செப்டம்பர் 13 அன்று கேசுப் மகிந்திரா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆலையை இயக்கினால் மரணம் நேரும் என்று அறிந்திருந்தமைக்குப் போதிய சான்று இல்லையெனக் கூறி, 304இன் இரண்டாம் பகுதியை நீக்கி 304அவை வைத்தது. வழக்கு அமர்வு நீதிமன்றத்திலிருந்து தலைமை நீதித்துறை நடுவரிடம் இறங்கியது. 2010 ஜூன் 7 அன்று வந்த தீர்ப்பில் சிறைத் தண்டனை 2 ஆண்டு.

ஆனால் பட்டாசு ஆலையில் ‘அறிவு’ என்பதை மெய்ப்பிப்பது அத்துணை அரிதன்று என்பது என் கருத்து. ஓர் அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து வைக்கலாம் என்பன உரிமத்திலேயே எழுதப்பட்டவை. 2012 செப்டம்பர் 5 அன்று ஏறத்தாழ 40 பேரைப் பலிகொண்ட முதலிப்பட்டி ஆலையின் உரிமம், விதிமீறல்களுக்காகச் சற்று முன்னரே நிறுத்திவைக்கப்பட்டிருந்ததாக அப்போது செய்திகள் வெளியாயின. அத்தகைய ஆணை கையில் கிடைத்தபின் ஆலையை இயக்குவோர் ஆபத்தை அறியார் எனல் கடினம். போர்மேனும் உள்குத்தகைக்காரரும் முன்னிறுத்தப்பட்டு உரிமதாரர் பின்னுக்கு நகரும் வழக்குகளில், இவ்வகை ஆவணமே உரிமதாரரை இணைக்கும் கண்ணி. அடுத்த வாரம் வேறோர் ஆலையில் கூலிக்குச் செல்ல வேண்டிய சக தொழிலாளரின் வாய்மொழிச் சான்றை மட்டும் நம்பினால், அவர் பிறழ்சாட்சியாகும்போது வழக்கும் சரியும்.

சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 2021 பிப்ரவரி 12 அன்று 20க்கும் மேற்பட்டோர் இறந்ததைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தாமாகவே விசாரணைக்கு எடுத்தது. அது இழப்பீட்டின் பாதை. குற்றவியல் பாதை வேறு.

அப்பாதையில் ஒப்படைப்புக் கட்டம் சுருங்கிக்கொண்டே வந்துள்ளது. 1898ஆம் ஆண்டுச் சட்டத்தில் நடுவரே சாட்சிகளை விசாரித்த பின்னர்தான் வழக்கு அமர்வுக்குச் சென்றது. 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் 209ஆம் பிரிவு, ஆவண நகல்களை வழங்கி அனுப்புவதோடு நடுவரின் பணியை நிறுத்தியது. இன்றைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா அதற்கும் 90 நாள் கெடு விதித்து, 180 நாள்வரை நீட்டிக்க இடமளிக்கிறது. 1908ஆம் ஆண்டு வெடிபொருட்கள் சட்டம் சேர்க்கப்பட்டால் மட்டும் மாவட்ட ஆட்சியரின் இசைவு வரும்வரை விசாரணை தொடங்காது.

2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு கவனக்குறைவு மரணத்திற்கு 5 ஆண்டுவரை தண்டனை தருகிறது. ஆனால் அதை விசாரிப்பவர் முதல் வகுப்பு நடுவர். அவர் விதிக்கக்கூடிய சிறைத் தண்டனை 3 ஆண்டுதான். கூடுதல் தண்டனை தேவையென்று அவர் கருதினால் தலைமை நீதித்துறை நடுவருக்கு வழக்கை அனுப்ப வேண்டும். அத்தேதிக்கு முந்தைய விபத்துகளுக்கோ, 1870இல் எழுதிய அதே ஈராண்டு வரம்பு தொடர்கிறது.